ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்த கதை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். கமென்ட்டில் திட்டாதீர்கள்.

வேலை ரொம்பச் சின்னது. திண்டிவனத்தில் எங்கள் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு புது ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டும். படங்கள் வைக்கும் பழையது நிரம்பிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் விழுப்புரத்தில் இருக்கும் என் சம்பந்தி. மகளின் மாமனார். கம்ப்யூட்டர் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். சம்பந்தியாச்சே, அவர் எது சொன்னாலும் "சரிங்க சம்பந்தி" என்பேன். புரிந்ததா என்பது வேறு விஷயம்.

காலையில் போனில் சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியை நிறுத்த வேண்டாம், ஓடும்போதே அதன் முன்பக்கத்துக் காலி அறையில் புது டிஸ்க்கைத் தள்ளினால் போதும். அது திரையில் தெரியாவிட்டால் மறுபடியும் ஒருமுறை தேடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வரி இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார்.

"சரிங்க சம்பந்தி."

நிறுத்தவும் முடியாதுதான். பழைய டிஸ்க்கில் இருந்த கண்டாச்சிபுரத்துக் கல்யாண வீடியோ காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குப் பெண்வீட்டார் வாங்க வருவார்கள். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறியதற்கு அந்த ஒரு டிஸ்க்தான் சாட்சி.

புது டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். புதுப் பொருளை வெறுமனே மாட்ட மனசு வருமா? மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, உள்ளே தள்ளினேன்.

அதோடு விட்டிருக்கலாம்.

பக்கத்து அறையில் பழைய டிஸ்க். வருஷக்கணக்காக உழைக்கிறது. நேற்று வந்ததற்குப் பொட்டு, இதற்கு இல்லையா? பாவமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்து உருவினேன். பொட்டு வைத்தேன். திரும்பச் செருகினேன். மொத்தம் அரை நிமிஷம்.

நிமிர்ந்து பார்த்தால் வீடியோ நின்றிருந்தது. ஏதோ சிவப்பாக எழுதி வந்தது. கல்யாண ஃபோல்டரைக் காணோம். மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, சாப்பாட்டுப் பந்திகூட இல்லை.

சம்பந்திக்குப் போன் போட்டேன். பழையதை உருவினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் வாழும் வீடு. புது டிஸ்க் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரி வந்தது. நடுவில் மூன்று சின்னக் கோடு. இடம் விட்டு அடிக்கச் சொன்னார். எல்லா இடத்திலும் தேடு என்று அர்த்தமாம். ஓடுகிற டிஸ்க்கை அது ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள் என்றார்.

அடித்தேன். பட்டியல் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"புதுசா ரெண்டு வந்திருக்குதே சம்பந்தியம்மா. நீங்க ஒண்ணுதானே மாட்டுனீங்க?"

"ஆமாங்க சம்பந்தி."

சரி, புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிவிடலாம், அதாவது சுத்தமாகத் துடைத்துவிடலாம், அதன் பேர் எது என்று கேட்டார்.

ஒரு பேர் சி என்று முடிந்தது, இன்னொன்று டி. நான் உருவிச் செருகியதில் பழையதும் புதுப் பேரோடு திரும்பி வந்திருக்கிறது. இரண்டில் ஒன்று கல்யாணம்.

நாக்கு நுனியில் "சி" வந்துவிட்டது. கண்டாச்சிபுரமே வேன் பிடித்துக் கடைக்கு வருவது போல இருந்தது.

"சம்பந்தி, இருங்க. பழசையும் நான் உருவிட்டேங்க."

"ஓடிக்கினு இருந்ததையா? எதுக்குங்க?"

"பொட்டு வெக்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. அவர் மனைவியின் குரல் கேட்டது: "ஓடிக்கினு இருந்த கிரைண்டருக்கு நம்ம மருமக பொட்டு வெச்சாளே, அது எங்கிருந்து வந்துச்சின்னு இப்பதான் தெரியுது."

என் மானத்தோடு மகள் மானமும் போயிற்று.

சம்பந்தி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டின் அளவையும் பார்க்கச் சொன்னார். பெரியது புதுசு, சின்னது பழசு. சின்னது எது என்று பார்த்தேன். சி. நான் சொல்ல வாய் திறந்த அதே சி.

அதைப் பார்ப்பதற்கு மட்டும், எதையும் எழுத முடியாதபடி திறக்க வைத்தார். மாப்பிள்ளை இருந்தார். பெண் இருந்தாள். பந்தியில் ஒருவர் வடையோடு கேமராவை முறைத்துக்கொண்டு இருந்தார். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"புதுசா வர்றத, தேடச் சொன்னா அது தேடிக்கும் சம்பந்தியம்மா. வெளிய எடுக்கறதுன்னா மட்டும் அதுகிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்."

"சரிங்க சம்பந்தி." இந்த முறை நிஜமாகவே புரிந்தது.

புது டிஸ்க்கைத் துடைத்து, வீடியோவை அதில் முதலிலிருந்து தயாராக விட்டோம். பெண்வீட்டார் ஆறரை வரை உட்கார்ந்து மூன்று தரம் டீ குடித்தார்கள். கரண்ட் பிரச்சினை என்றேன்.

இப்போது அந்த டிஸ்க் அறைகளுக்குக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் தானாக எழுந்து எந்த வேலையையும் தொட்டதில்லை.