மாப்பிள்ளையின் மூன்றாவது குழலுக்குத் தோட்டா தேடிய படலம்

ஹிர்ஷ்ரீட்,
உறைபனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை

ஹாம்பர்க்கின் ஈரக்காற்றில் நனைந்துகொண்டு ஊரார் நோவையெல்லாம் தீர்த்துவரும் நர்ஸம்மா, என் அருமைத் தங்கை மகள் க்ரெசென்ஸுக்கு, தாய்மாமன் கோர்பினியன் பூரண ஆரோக்கியத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் ஒட்டிலி அத்தையும் கோழிகளும் சௌக்கியம். வாஸ்டல் ஈஸ்டருக்கு முன்பே செத்துப்போனது உனக்குத் தெரியும். குட்டைக்கால் நாய்தானே, நான் அதை நினைப்பதே இல்லை.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அம்மா போனதிலிருந்து அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, இப்படியே இருந்தால் கிறிஸ்துமஸுக்கு வந்து ஹாம்பர்க்குக்கே கூட்டிப்போய்விடுவேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. அவரை நான் குணப்படுத்திவிட்டேன். எப்படி என்று படி. படித்துவிட்டு உங்கள் பெரிய டாக்டரிடமும் காட்டு, அவருக்கும் உபயோகப்படும்.

செப்டம்பரில் ஒருநாள் நான் போய், "மாப்பிள்ளே, எந்திரிங்க, காட்டுப்பன்னி உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்னுது, அந்த முக்குழலை எடுங்க" என்றேன். உங்கள் வீட்டு முக்குழல் துப்பாக்கியைச் சொல்கிறேன். மேலே சிதறுகிற ரவைக்கு இரண்டு குழல், கீழே குண்டுக்கு ஒன்று, கைசர் காலத்துச் சரக்கு. உன் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "கீழ்க்குழலுக்குத் தோட்டா இல்லையே மச்சான். இப்பல்லாம் யாரு செய்றா?" என்றார். பார், நோய் எங்கே என்று எனக்கு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. தோட்டா கிடைத்தால் ஆள் எழுந்துவிடுவார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான் நான். ஆனால் ஆயுள் முழுக்கத் தபால் பஸ் ஓட்டியவனுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியும்.

முதலில் ஸ்வீசலில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் கம்மர்ல் அம்மாளிடம் போனேன். உன் அப்பா காரைவிட்டு இறங்கவில்லை. அந்த அம்மாள், "அதுவா, எல்லைக்கு அந்தப் பக்கம் செக் நாட்டுக்காரங்க..." என்று ஆரம்பித்தாள். செக்காரங்க கதையெல்லாம் என் பஸ்ஸிலேயே நிறையக் கேட்டாச்சு அம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் தேடினோம் பார், பவேரியாவில் பாக்கி இல்லை. போகிற வழியெல்லாம் உன் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தொத்திறைச்சியும் ரொட்டியும் வெட்டி வெட்டிக் கொடுப்பார். பின்சீட்டில் வாஸ்டலின் கம்பளி இன்னும் கிடக்கிறது, எடுத்துப்போட நேரமில்லை. கடைசியில் பாசாவ் சந்தையில் ஒரு கிழவரிடம் அசல் பெட்டி அகப்பட்டது. நான் பேரம் பேசியதைப் பார்க்க டான்யூப்பில் படகுகளே நின்றுவிட்டன என்றால் நீ நம்பமாட்டாய். பெட்டியில் தோட்டா நீளம் எழுபத்திநாலு என்று போட்டிருந்தது. நமக்கு எழுபத்திரண்டு. இரண்டு மில்லிமீட்டர்! அதைவிடக் குறுகலான சந்தில் நான் பஸ்ஸையே விட்டிருக்கிறேன்.

அதைக் கம்மர்ல் அம்மாள் கடையிலேயே போட்டுக்காட்டலாம் என்று போனோம். தோட்டா போயிற்று, துப்பாக்கி மூட மறுத்தது. முழங்காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். அந்த அம்மாள் மேஜையைச் சுற்றி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "வெடிச்சா உங்க மூஞ்சியைச் சுவத்திலருந்து நாந்தான் சுரண்டணும்! சரியான தோட்டாவைச் செக்காரங்க இன்னும் செய்றாங்கன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். எங்கிட்டயே இருக்கு. உங்க மாப்பிள்ளைக்குத்தான் போன..." என்றாள். உன் அப்பாவுக்கு அப்போது பார்த்துப் பயங்கரமான இருமல். குளிர்தான். "மாப்பிள்ளைக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க ஒரு பெட்டியைக் கட்டுங்க" என்றேன். இப்படித்தான் தோட்டாவைக் கண்டுபிடித்தேன்.

நேற்று சுடுதிடலுக்குப் போனோம். முதல் குண்டு தோட்டாவைக் கண்டுபிடித்தவனுக்கு என்று துப்பாக்கியை நானே கையில் வாங்கிக்கொண்டேன். மேலே கட்டைவிரல் பொத்தானைத் தள்ளினால்தான் இரண்டு விசையில் முன்னது கீழ்க்குழலைச் சுடும். தள்ளாவிட்டால் ரவைதான் போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காகிதப் பன்றியைக் குறிபார்க்கிற மும்முரத்தில் பொத்தானையா நினைப்பார்கள்? சுட்டேன். பன்றி சல்லடையாகிவிட்டது. பக்கத்தில் சுடுகிறவருக்கு மாட்டியிருந்த காகிதப் பன்றிக்கும் கொஞ்சம் விழுந்தது.

"மச்சான், பன்னியைச் சுடச் சொன்னா அம்மை வரவெச்சிட்டீங்களே!" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார் க்ரெசென்ஸ். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ட்ரௌட்ல் பார்த்திருக்கணும்" என்றார். என் தங்கை பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை மாதம்! நிஜ வேட்டை விழுந்தால்தான் தொப்பியில் தேவதாருக் கொத்து செருகுவது. அவர் ஒரு கொத்தை ஒடித்து, காகிதப் பன்றியை வீழ்த்திய வீரனென்று என் தொப்பியில் செருகினார். நானும் வேண்டுமென்றேதான் பொத்தானைத் தள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே அப்பாவைக் கூட்டிப்போக வராதே, சும்மா வா. வேட்டைக்காரர்களைக் காக்கும் புனித ஹூபர்ட்டஸ் நர்சுகளையும் காத்து, உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். அத்தை ஆசீர்வாதம்.

உன் மாமன்,
கோர்பினியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மிச்சத் தோட்டாவைக் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா கொழுக்கட்டை மாவில் கையை விட்டிருந்ததால் சாவியை மூக்கால் காட்டி, "நீங்களே துப்பாக்கிப் பெட்டகத்துல வெச்சிடுங்க மச்சான்" என்றார். மறந்துவிட்டார் போல. உள்ளே அதே செக்காரத் தோட்டா, கம்மர்ல் கடை முத்திரையோடு, பிரிக்காத பெட்டிகள் ஒரு வரிசை. நான் சத்தமில்லாமல் மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் குதித்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்தபடி, "எனக்கு அப்பவே தெரியும். 'வாஸ்டல் போனதுலருந்து மச்சான் அதோட கழுத்துப்பட்டையைக் கையில வெச்சிக்கிட்டே உக்காந்திருக்காரு. தோட்டா தேடறேன்னு அலையட்டும், கூட நானும் போய்க்கிறேன்'னு உங்க மாப்பிள்ளையே எங்கிட்ட சொன்னாரு" என்றாள். நானா? கழுத்துப்பட்டையையா? அது சும்மா சட்டைப்பையில் கிடப்பது.

பெரிய டாக்டரிடம் இதைக் காட்டாதே. உன் அப்பாவிடம் மூச்சு விடாதே. மறுபடி போய், ரவைத் தோட்டாவும் தீர்ந்துபோச்சு, இந்தப் பழைய குழலுக்குக் குட்டையானதுதான் ஆகும், அது எங்கேயும் கிடைக்காது மாப்பிள்ளே என்று சொல்லிவிட்டேன். கம்மர்ல் கடைக் கண்ணாடிக்குள் அதைத்தான் மலைபோல அடுக்கியிருக்கிறாள். உன் அப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஆஸ்திரியாவுல டிரோல் வரைக்கும் போய்ப் பார்த்துட வேண்டியதுதான். காலையிலேயே வந்துடுங்க மச்சான், ரொட்டி நான் கட்டிக்கிறேன்" என்றார்.