திறப்பர் திறக்காத பாடங்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் கப்பலைக்கூடச் சுலபமாகக் கொண்டுவந்து கட்டிவிடலாம். எங்கள் திறப்பரிடம் ஓர் இணையப் பாடத்தைக் கொடுத்து, அதில் மாணவர்கள் சேரச் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம்.

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி நிலையம். விரிவுரையாளர்கள் நாங்கள் பாடங்களை எழுதி இணையத்தில் ஏற்றலாம். மாணவர்கள் சேரும்படி அவற்றைத் திறந்துவிடும் அனுமதி மட்டும் ஒரே ஒருவரிடம். அவரும் எங்களைப் போல விரிவுரையாளர்தான், கணினி படிப்பிப்பவர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் திறப்பர்.

என் கணக்குப் பதிவுப் பாடத்தோடு நான் முதன்முதல் அவர் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"முடிஞ்சுதா சேர்?"

"ஓம். கடைசிப் பகுதியை மட்டும் பிறகு போடலாம் எண்டு..."

"கூரை போடாத வீட்டில ஆக்களைக் குடிவைப்பீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏலாது."

கூரையையும் போட்டுக்கொண்டு போனேன். மனிதர் என்னைக் கிளிவெட்டிக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினார். "பிள்ளையள் ஏசி றூமுக்குள்ள இருந்தே படிக்குதுகள்? வாங்கோ." நிற்க இடமில்லாத பஸ்ஸில், கண்ணாடி வெடித்த பழைய போனில் என் பாடத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சேர், உங்கட வீடியோ தேர் மாதிரிக் கோயில் வீதி சுத்துது. சுத்தி முடிச்சு வரட்டும், பிறகு பாப்பம்."

வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே பாதிப் பாடத்தைத் திருப்பி எழுதி அவரிடம் கொடுத்தேன். ஆங்கிலம் படிப்பித்தவர் குறுக்கு வழி தேடி, வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். திறப்பர் கடைசிக் கால்வரை உறிஞ்சிச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். "நண்டு அருமை. பாடம் காணாது."

அவர் தம்பியின் கலியாணத்துக்கென்று லீவில் போனபோது நாங்கள் விடுதலை அடைந்தோம். நிலையத்தின் பணிப்பாளருக்கும் பொறுமை போயிருந்தது. "ஆரும் திறக்கலாம்" என்று எல்லோருக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே எல்லாப் பாடங்களும் திறந்தன. பாதி எழுதியவை திறந்தன, தலைப்பு மட்டும் உள்ளவையும் திறந்தன. யாரோ பரீட்சித்துப் பார்க்க உருவாக்கிய 'சும்மா' என்ற பாடமும் திறந்தது. அதில்தான் ஆட்கள் கூடுதலாகச் சேர்ந்தார்கள்.

திறப்பர் திரும்பி வந்தபோது நிலையத்துத் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவரே எடுத்தார். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார். கிண்ணியாவிலிருந்து ஒரு பெண்.

"சேர், தையல் கடை வேலைய அரை நாளாக்கிட்டுத்தான் கணினிக் கணக்கியலுக்குச் சேந்தனான். உள்ளுக்குப் போனா ஒண்டுமே இல்ல. நான்தான் எதையோ பிழையா அமத்திட்டனா?"

திறப்பரின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இல்லைப் பிள்ளை. பிழை எங்கட. நீங்கள் ஒண்டையும் பிழையா அமத்தேல்ல. இப்பவே உங்களை வேற பாடத்தில சேர்க்கிறன். அதை நான் முழுக்கப் படிச்சுப் பாத்தனான்."

அவர் சொன்னது என் பாடத்தை. திறந்துகிடந்தவற்றில் அது ஒன்றுதான் முழுதாக நின்றது. அதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை, அந்த மனிதர் என்னை வதைத்த வதைதான்.

போனை வைத்துவிட்டு அவர் பணிப்பாளரைப் பார்த்தார். "சேர், அந்தப் பிள்ளை தன்ர பிழையெண்டு நினைச்சிட்டுது." பணிப்பாளர் அனுமதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தவித்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்களையும் திறப்பர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நாங்கள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கிண்ணியாப் பெண் என் பாடத்தை முடித்தார். இப்போது அந்தத் தையல் கடையின் கணக்கையே அவர்தான் பார்க்கிறார். எனக்கு நன்றி சொல்ல வந்தவரை நேரே திறப்பரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மனிதர் வெட்கத்தில் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

திறப்பர் மட்டக்களப்புக்கு மாறிப்போய்க் கொஞ்சக் காலம் ஆகிறது. போன கிழமை புதுப் பாடம் ஒன்றை எழுதி முடித்ததும் முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.