விமானத்தின் அடி ஓட்டையை நான் அடைத்த கதை

இதை எழுதுவதா விடுவதா என்று ஏழெட்டு வருடம் யோசித்தேன். கொப்பியை எடுப்பேன், மேலே ஒரு சிலுவை போடுவேன், வெட்கம் வந்துவிடும், மூடிவிடுவேன். கடவுள் செய்த நன்மையை என் வெட்கத்துக்காக மறைப்பதும் பாவம்தானே என்று பட்டதால் இப்போது எழுதுகிறேன்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் பைபர் வள்ளம் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனால் எந்த வள்ளத்தில் எங்கே ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். (இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.)

என் மனைவி றோசியின் தம்பி அன்ரன் வெளிநாட்டில் விமானம் திருத்தப் பழகிவிட்டு வந்தவன். எங்கள் வளவுக் கொட்டிலில் நாலு வருடம் பாடுபட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினான். அதன் எஞ்சினைக் குளிர வைப்பது தண்ணீர் இல்லை, காற்று. சிலிண்டரைச் சுற்றி மீன் செட்டை மாதிரித் தகடுகள். எஞ்சின் மூடியின் முன்னால் மூக்குப்போல இரண்டு துவாரம். அதால் காற்று உள்ளே போய்ச் சூட்டை வாங்கும் என்று அன்ரன் விளக்கினான். அது எனக்கு விளங்கியது. வாங்கிய சூட்டோடு காற்று எதால் வெளியே போகும் என்று அவன் சொன்ன நேரம், என் புத்தி குசினியில் பொரிந்த மீனிடம் போயிருக்க வேண்டும்.

தரையில் ஓட்டிப் பார்ப்பதற்கு முதல்நாள், அவன் டவுனுக்குப் போன நேரம் விமானத்தைத் துடைக்கக் குனிந்தேன். எஞ்சின் மூடியின் அடியில், இரண்டு கையும் நுழையும் அளவுக்கு ஓட்டை! அடியில் ஓட்டையோடு கடலில் விடுவது தாழும் என்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு. பாவம் பிள்ளை, மறந்துவிட்டான் என்று பைபர் வைத்து, றெசின் பசை பூசித் தேய்த்து, வெள்ளைப் பெயின்றும் அடித்துவிட்டேன். ஓட்டை இருந்த அடையாளமே இல்லை. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று வேதம் சொல்வதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் லொறியில் ஏற்றிக் கிளிவெட்டிக்குக் கொண்டுபோனோம்; அறுவடை முடிந்த வயலோரக் கிரவல் பாதை. பாதர் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, சரியென்றால் அடுத்த கிழமை துறைமுகத்துக்கு மேலே பறப்பதுதான் ஏற்பாடு. அன்ரன் ஓட்டி நிறுத்தினான். எல்லாம் சரி என்றான். அப்போதுதான் றோசி, வீடியோ எடுக்க மறந்துவிட்டேன், இன்னொருக்கா ஓட்டு என்று தம்பியைக் கேட்டாள்.

நான் முழங்காலில் நின்று செபமாலை சொன்னேன். மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது பெயின்ற் எரியும் மணம் வந்தது. அன்ரன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தான். சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிவிட்டதாம்.

ஒருவர் வெயில் என்றார், ஒருவர் ஒயில் என்றார். தீர்த்தம் உள்ளே போய்விட்டதோ என்று பாதரே பயந்தார். அன்ரன் நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தான். படுத்தபடியே என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், இதில ஒரு ஓட்டை இருந்தது."

"ஓம் தம்பி, நீர் மறந்துபோனீர். நான் அடைச்சுப்போட்டன்." நன்றி சொல்வான் என்று பார்த்தேன்.

"ஏன் அடைச்சனீங்கள்?"

"தண்ணி வராமல்."

"மேல எங்கயிருந்து அத்தான் தண்ணி வாறது?"

சூடான காற்று வெளியே போகும் வழியே அதுதான் என்று பிறகு பொறுமையாகச் சொன்னான். இது அடுத்த கிழமை மேலே வைத்து நடந்திருந்தால் என்று கேட்டேன். முதல்தரம் ஓட்டியதில் சூடு ஏறவில்லை, அதோடு விட்டிருந்தால் மேலே வைத்துத்தான் தெரிந்திருக்கும் என்றான். றோசி அவன் கையைப் பிடித்தவள், விடவே இல்லை.

அன்ரன் ஏசவில்லை. சின்ன வாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். "அடைச்ச நீங்களே வெட்டுங்கோ."

அழுது அழுது வெட்டினேன். (என் வேலை அவ்வளவு உறுதி, பாதி நாள் எடுத்தது.) சூடுபட்ட எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூட்ட இரண்டு மாதம் போனது. அதற்குப் பிறகு அன்ரன் துறைமுகத்தைச் சுற்றிப் பறந்து சுகமாக இறங்கினான். அன்று மாதாவுக்கு என் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

போன மாதம் பேத்திக்குக் காது குத்தினோம். தட்டார் ஊசியை எடுத்ததும் றோசி சொன்னாள்: "இவரைக் கிட்ட விடாதேங்கோ, அடைச்சுப்போடுவார்."

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான் பறந்துகொண்டே ஓட்டையை அடைத்ததாக ஏற்கனவே குறிஞ்சாக்கேணியில் ஒருவர் சொல்லித் திரிகிறார். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் பரவாயில்லை. றோசி வீடியோ எடுக்க மறந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடவுள் வந்தது அந்த இடத்தில்தான்.