ஆளுக்குக் கால் கிலோ நிலக்கரி

1917 பிப்ரவரியில், பசி ஒழிந்துவிட்டதாக ஜெர்மனியில் எங்கள் ஊர் உணவு வழங்கல் அலுவலகம் முறைப்படி தீர்மானம் நிறைவேற்றியது. நான் அங்கே முத்திரைக் குமாஸ்தா. தீர்மானத்தில் முத்திரை குத்தியபோது என் வயிறு போட்ட சத்தத்தை யாரும் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

தீர்மானத்துக்கு ஆதாரம் கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம் எதுவோ, அது ஒரு கலோரி. நூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் நீராவி எந்திரப் பாடம் நடத்தியவர்கள் கொண்டுவந்த அளவு. பிறகு யாரோ அதை எந்திரத்திலிருந்து கழற்றி மனிதன் வயிற்றில் மாட்டிவிட்டார்கள். எதிரி நாட்டுச் சரக்காயிற்றே என்று ஒரு கோப்பு கிளம்பியது. போர் முடியும்வரை கலோரி ஜெர்மன் பிரஜையாகக் கருதப்படும் என்று உத்தரவு போட்டு மூடினோம்.

எங்கள் தலைவர் ஆலோசகர் ஹெம்மர்லிங் எந்த உணவையும் இரும்புக் குடுவைக்குள் எரித்துப் பார்த்துத்தான் மார்க் போடுவார். நன்றாக எரிந்தால் நல்ல உணவு. ரொட்டி மாவில் மரத்தூள் கலந்ததும் மார்க் ஏறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வெடிகுண்டுத் தொழிற்சாலைச் சமையற்காரி வால்பர்கா வந்து நின்றாள்.

"ஐயா, என்கிட்ட எண்பது பொண்ணுங்க சாப்பிடுறாங்க. நேத்து ஏழு பேரு மிஷின் பக்கத்துலயே மயங்கி விழுந்துட்டாங்க. ஒருத்திக்குக் கை தப்பிச்சதே பெரிசு. டர்னிப் கிழங்கு சூப்பும் மரத்தூள் ரொட்டியும் தாங்கல. உருளைக்கிழங்கு குடுங்க."

"அட்டவணைப்படி அவங்க மயங்க வழியே இல்லையேம்மா. மரத்தூள்ல கிலோவுக்கு நாலாயிரம் கலோரி இருக்கு!" என்றார் ஹெம்மர்லிங்.

"அது அடுப்புல எரியும். வயித்துல செரிக்குமா?"

"செரிமானம் எங்க இலாகா இல்ல."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் தலையை ஆட்டினேன், அதற்குத்தானே சம்பளம். வால்பர்கா அழவில்லை. சுவரில் தொங்கிய அட்டவணையில் விரல் வைத்தாள்.

"கலோரின்னா எல்லாக் கலோரியும் ஒண்ணுதானுங்களா?"

"சந்தேகமே வேண்டாம். விஞ்ஞானம்!"

"அப்போ நிலக்கரிக்கு எவ்வளவு?"

"நாலாயிரத்து எண்ணூறு" என்றவர் நிறுத்தினார். முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்தார். கேட்ட உருளைக்கிழங்குக்கு ஈடாக ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, அதாவது கால் கிலோ. எண்பது பேருக்கு மாதம் அறுநூறு கிலோ. "சத்துணவு, கட்டி வடிவில்" என்று எழுதினார். நான் முத்திரை குத்தினேன்.

அந்தக் குளிரில் கிராமத்து விவசாயிகளிடம் கிழங்கு இருந்தது, எரிக்க ஒன்றும் இல்லை. வால்பர்கா கரியை வண்டியில் ஏற்றிப் போனாள். கிழங்கும் பன்றிக் கொழுப்புமாகத் திரும்பினாள். ஒரே மாதத்தில் மயக்கம் நின்றது, பெண்களின் கன்னம் சிவந்தது. ஹெம்மர்லிங் நேரில் போய் ஒவ்வொருத்தியாக எடை போட்டார். நிலக்கரி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று தலைநகருக்கு அறிக்கை போயிற்று. பதக்கம் வந்தது.

போர் முடிந்து எட்டு வருஷத்தில் கத்தரித்த கூந்தலும் குச்சி உடம்பும் நாகரிகமாயின. ஹெம்மர்லிங் பணக்காரப் பெண்கள் உடம்பு இளைக்க ஒரு மெலிவு இல்லம் திறந்தார். அதே டர்னிப் சூப், அதே மரத்தூள் ரொட்டி, கட்டணம் மட்டும் புதிது. வாசலில் மோட்டார் கார்கள் நின்றன. சமையலுக்கு வால்பர்கா, வந்தவர்களின் கலோரிக் கணக்குக் கார்டில் முத்திரை குத்த நான்.

"அன்னைக்கு இதத் தின்னுட்டு மயங்கி விழுந்தாளே ஒருத்தி, அவ முதலாளியம்மாவாயிட்டா. காசு குடுத்து இதையே திங்க வந்திருக்கா!" என்றாள் வால்பர்கா.

ஒருநாள் பின்கட்டில் கொழுப்பு மணத்தது. போய்ப் பார்த்தால், முன்வாசலில் கார்டு வாங்கிய அத்தனை சீமாட்டிகளும் அங்கே வரிசையில். வால்பர்கா உருளைக்கிழங்கு அடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வரிசையின் நடுவில் என் மனைவி.

"இதெல்லாம் கார்டுல ஏத்தணுமே அம்மா!" என்றேன் வால்பர்காவிடம்.

"ஏத்துங்களேன். ஐயா காலையிலயே நாலு தின்னுட்டுப் போனாரு. எல்லாத்தையும் நிலக்கரின்னு எழுதிக்கச் சொன்னாரு."

எனக்கு இரண்டு நிலக்கரி வாங்கிக்கொண்டு, முத்திரையை எடுக்க உள்ளே போனேன்.