பச்சை ரிப்பன் கட்டிய பிளான்

சத்தியநாதன் தன் வீட்டுச் சமையலறையை அழித்துக்கொண்டிருந்தார். ரப்பரால்தான். வீடு இன்னும் காகிதத்தில்தான் இருந்தது.

"போன மாசம் வராந்தா போச்சு. இப்ப கிச்சனா? நான் எங்க சமைக்கிறது?" என்றாள் மனைவி பியூலா.

"கிணத்துக்கும் கக்கூசுக்கும் தூரம் போதாதாம். கிணத்தை நகர்த்தினா நேரா கிச்சன்ல வந்து நிக்குது. நான் என்ன பண்ண?"

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அவர். ஏரிக்கு இந்தப் பக்கம், புதிதாய்ப் பிரித்த எபனேசர் நகரில் ஒரு மனை வாங்கியிருந்தார். குடியிருந்த வாடகை வீட்டைக் கிறிஸ்துமஸுக்குள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம்.

"பேசாம கட்டிடுங்க மச்சான். இங்க யாரு கேக்கப் போறா?" என்று பியூலாவின் தம்பி தயாளன் சொல்லிப் பார்த்தான். ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு கூடப் போடாத மனிதரிடம் அது எடுபடுமா?

முறைப்படி பிளான் வரைந்தார். சுருட்டி, மகள் பேபியின் பச்சை ரிப்பனால் பூ முடிச்சுப் போட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்தார். அதே முடிச்சோடு திரும்பி வந்தது.

"எவ்வளவு பதவிசா மறுபடியும் கட்டி அனுப்பியிருக்கார் பாரு. தங்கமான ஆபீசர்!" என்று பியூலாவிடம் மெச்சிக்கொண்டார்.

கூடவே ஒரு நிராகரிப்புப் பாரம். அனுமதி மறுக்கப் பன்னிரண்டு காரணங்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். முதல் தடவை ஒன்றாவதற்கு டிக்: சாலையிலிருந்து இடைவெளி போதாது. வராந்தா போயிற்று. இரண்டாம் தடவை இரண்டாவதற்கு. அதுதான் இந்தக் கிணறும் கக்கூசும்.

மூன்றாவது டிக்: பக்கத்து மனைக்குக் காற்றும் வெளிச்சமும் தடைபடும். பக்கத்து மனையில் ஓர் எருமையைத்தான் கட்டியிருந்தார்கள். அதன் காற்றுக்காகப் படுக்கையறையை விட்டுக்கொடுத்தார். நான்காவது: ஏரிக்கு நீர் வரும் பாதை. ஹாலில் பாதி அதோடு போயிற்று.

நவம்பரில் மிஞ்சியது, பத்தடிக்கு ஒன்பதடியில் ஒரே ஓர் அறை.

"பெத்லகேம் தொழுவமே இதைவிடப் பெரிசா இருந்திருக்கும்" என்றாள் பியூலா. சிரிக்கத்தான் சொன்னாள், அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

ஐந்தாம் தடவை போனபோது, நிர்வாக அதிகாரி தோத்தாத்ரி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ மாஸ்டர்! சாங்ஷன் ஆயாச்சு!"

அனுமதிப் பாரத்தில் கையெழுத்து விழுந்தது. ரிப்பனை அவிழ்த்து, பிளானின் மூலையை விரித்து முத்திரையும் குத்தினார். அப்புறம்தான் முழுசாகப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஒரே ரூம்? குடும்பஸ்தருக்கு இது எப்படிப் போதும்?"

பிளானைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்த சத்தியநாதனிடம், பியூன் சவுரிமுத்து சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உன் பிளான யாரு சார் பிரிச்சுப் பாத்தா? இந்த ஊர்ல பர்மிசன் கேட்டுகினு வந்த மொத ஆளே நீதான். பர்மிசன் குடுக்கற பாரம் ஆபீசுல இல்லன்னு சொல்லக் கூச்சப்பட்டுகினு, ஐயா மாசம் ஒரு டிக்கா போட்டு ஓட்டினாரு. நேத்துதான் பாரம் வந்துச்சு, அதுவும் ஒண்ணே ஒண்ணு!"