நாலு விரல் கியர்

"இதுதான் முதல் கியர்னு நீ சொன்னே, நான் போட்டேன், வண்டி—"

"முதல் கியர்தான் யூனிஸ், நீ கிளட்ச்சை வேகமா—"

"கிளட்ச்சைப் பத்திப் பேசாதே. கிளட்ச் என் காலுக்கடியில ஒழுங்கா—"

"அப்ப ஏன் குதிச்சு நிக்குது?"

"அதைத்தானே நான் கேக்கறேன்."

டெஸ்மண்ட் ஆரெண்ட்ஸெ கார் சன்னலில் தலையை நுழைத்து, மனைவியின் கைக்கடியில் இருந்த கியரைப் பார்த்தான். காலையில்தான் மாட்டியது. கட்டையாக, பளபளவென்று, புதுப் பல் மாதிரி இருந்தது. யூனிஸ் இன்னொரு முறை போட்டாள். கார் ஒரு விக்கல் விக்கி நின்றது.

"அது மூணு," என்றான் கடைசியில்.

"மூணா?"

"ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல மூணு இருக்கு."

"அப்ப ஒண்ணு எங்கே?"

ஸ்ட்ராண்ட்ஃபோன்டைனில் அன்று தென்கிழக்குக் காற்று. கடல் மணல் தெருவோடு தெருவாக நகர்ந்துகொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் ஏதோ ஊருக்குக் கிளம்புவது போலப் பறந்தன. டெஸ்மண்ட் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படித்தான். கேள்வி கஷ்டமாக இருந்தால் தூரத்தைப் பார்ப்பான்.

வருகிற வியாழக்கிழமை யூனிஸுக்கு ஓட்டுநர் தேர்வு. இது நாலாவது முறை. முதல் தடவை மேட்டில் கார் ஒரு சாண் பின்னால் உருண்டதென்று அனுப்பிவிட்டார்களாம். அடுத்த தடவை கிளம்புவதற்கு முன் குனிந்து காருக்கடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லையாம். அதற்கடுத்த தடவை கண்ணாடியைப் பார்த்தது போதவில்லையாம். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வருவாள். டெஸ்மண்ட் மீனும் வினிகர் ஊற்றிய சிப்ஸும் வாங்கி, கடலைப் பார்த்தபடி காரை நிறுத்துவான். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள்.

இந்த முறை அவளுக்கு ஒரு புதுக் குறை. "கை எட்டலைடா. மூணாவது போடறதுக்குள்ள தோள் கழண்டு வருது," என்றாள். தப்பில்லை. அவள் மியூசன்பெர்க்கில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். காரின் பழைய கியரோ குடைக் கம்பு நீளத்துக்கு இருந்தது.

பக்கத்து வீட்டு ரிடுவான், தன் காரை நாளுக்கு நாள் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகுட்டிக்காரன், சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அண்ணே, என்கிட்ட பழைய கட்டைக் கியர் ஒண்ணு கெடக்கு. எடுத்துக்கங்க. முழம் போற எடத்துல நாலு விரல் போனாப் போதும். அக்கா சுண்டு விரல்ல கியர் போடுவாங்க."

டெஸ்மண்ட் நல்ல எண்ணத்தோடுதான் அதை மாட்டினான். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் அவன்மேல் பழி வரப்போகிறது. சால்ட் ரிவர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தே நரைத்தவன் அவன். தொழிற்சாலையை மூடினார்கள், அவனுக்குக் கையில் திறமை மட்டும் மிச்சம். பழைய கியரைக் கழற்றி, புதியதை வைத்து, அடியில் போகும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கினான். அந்தக் கம்பி ஒரு மயிரிழை திரும்பிவிட்டது. கம்பி மயிரிழை திரும்பினால், மேலே ஒன்று மூன்றாகிவிடும்.

"படுத்துப் பாக்கறேன்," என்றான்.

"பாரு. படுக்கறதுன்னா உனக்குக் கசக்குமா?"

அட்டையை விரித்து அவன் காருக்கடியில் போனான். கியரைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை யூனிஸ் கழற்றினாள். காரின் தரையில் ஒரு ஓட்டை. அவள் மேலிருந்து பார்த்தால் அவன் முகம். அவன் கீழிருந்து பார்த்தால் அவள் முகமும், அதற்குப் பின்னால் காரின் கூரையும்.

"கேக்குதா?"

"கேக்குது. மூணுல போடு."

"போட்டேன்."

"அது அஞ்சு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கம்பி சொல்லுது."

"கம்பிகிட்ட ஒண்ணு எங்கேன்னு கேளு."

அவன் சிரித்தான். மணல் மூக்கில் ஏறித் தும்மினான். அவள் ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டு அவன் மூக்கைத் துடைத்தாள். மேலே காற்று காரை லேசாகத் தொட்டில் போல ஆட்டியது.

"சரியாகலைன்னா டெஸ்ட்டைத் தள்ளித்தான் போடணும்," என்றாள் யூனிஸ், மேலேயிருந்து, பெருமூச்சோடு.

கிளாம்பில் ஸ்பானரை வைத்திருந்த டெஸ்மண்டின் கை நின்றது.

ஏனென்றால், விடியற்காலையில் அவளைப் பேக்கரிக்குக் கூட்டிப் போவதுதான் இப்போது அவனுக்கு இருக்கும் ஒரே உத்தியோகம். கடலோரச் சாலை. வலது பக்கம் விளக்குகள் அணைந்துகொண்டிருக்கும் வீடுகள் தேய்ந்து போகும். பிறகு மணல்மேடு, மூடுபனி. அவள் மடியில் தேநீர்க் குடுவை. இரண்டாவது கியர் போடும்போது அந்த நீளக் கம்பு அவள் பக்கம் சாயும். அவன் விரல்முட்டி அவள் முழங்காலில் படும். இத்தனை வருஷத்தில் அவளும் முழங்காலை நகர்த்தியதில்லை, அவனும் மன்னிப்புக் கேட்டதில்லை. சாயங்காலம் திரும்பும்போது கார் முழுக்க இலவங்கப்பட்டை வாசனை. லைசென்ஸ் வந்துவிட்டால் அவள் தானே போவாள், தானே வருவாள். அவன் வீட்டில் உட்கார்ந்து கொடித்துணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கிளாம்பை முறுக்குவதற்கு முன், டெஸ்மண்ட் கம்பியை இந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினான். இது தவறுதலாக நடந்ததல்ல.

"இப்பப் போடு," என்றான், வெளியே வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

யூனிஸ் முதல் கியரைப் போட்டாள். கார் மெதுவாக, கௌரவமாக, பின்னால் போயிற்று. ரிடுவான் வீட்டுப் பச்சைக் குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. ரிடுவானின் மனைவி கதவைத் திறந்து, "அக்கா, குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும்," என்றாள்.

"பாத்தியா?" என்றான் டெஸ்மண்ட். "நாளைக்கு மறுபடி பாக்கறேன். அவசரப்பட்டா ஆகாது."

மறுநாள் அவனே அந்தக் கியரோடு அவளைப் பேக்கரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. தான் வைத்த கண்ணியில் தானே கால் வைத்து நடப்பது லேசான வேலையில்லை. சிக்னலில் பச்சை விழுந்தது. அவன் ஒன்றைத் தேடினான், ரிவர்ஸ் கிடைத்தது. பின்னாலிருந்த மினிபஸ் டாக்ஸிக்காரன் சன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "தாத்தா, நீங்க போறீங்களா, வர்றீங்களா?" என்றான்.

"கொஞ்சம் உன் பக்கமா இழுத்துப் போடு," என்றாள் யூனிஸ், குடுவையை மூடியபடி, தூக்கக் கலக்கத்தில் பேசுவதைப் போல.

இழுத்துப் போட்டான். ஒன்று விழுந்தது. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் நினைத்தது வேறு: இந்த நாலு விரல் கியர் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

அன்று சாயங்காலம் கம்பியை நேராக்கினான், ஆனால் மூட்டு ஆடாமல் பிடிக்கும் புஷ் வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கியர் ஆடும் பல் போலக் கலகலத்தது. யூனிஸ் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "பாடுது," என்றாள். இரண்டு முறை தெருவைச் சுற்றி வந்தாள். மூன்றாவது முறை கியர் சத்தமே வரவில்லை.

"நல்லாத்தானே போகுது," என்றாள்.

"ஆடுதே. ஆடக்கூடாது. டெஸ்ட் எடுக்கறவங்க ஆடற கியரை ஒத்துக்க மாட்டாங்க."

"ஓ. அப்படியா?"

"ஆமா."

மறுநாள் புஷ்ஷைத் திரும்ப வைத்து, அதோடு இரண்டு வாஷரையும் திணித்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கினான். இப்போது கியரை அசைக்க எருது வேண்டும். சுவருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த ரிடுவானுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. என் கார்ல இதே கியரை மாட்டினது நீங்கதானே? காப்பி ஆறறதுக்குள்ள மாட்டினீங்க. வெண்ணெய் மாதிரி விழுந்துது. இப்ப என்னாச்சு உங்களுக்கு?"

"உன் கார் வேற, என் கார் வேற."

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம்."

"ரிடுவான், உள்ள உங்க வீட்ல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"யாரும் கூப்பிடலையே அண்ணே."

"கூப்பிடுவாங்க. போய் நில்லு."

யூனிஸ் அந்த இறுகிய கியரை மாவு பிசைவது போலப் பிசைந்தாள். முதலில் இரண்டு கையாலும், பிறகு ஒரு கையாலும், கடைசியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே தள்ளு. உருண்டை திரட்டித் தட்டில் வைக்கிற அதே தள்ளு. டெஸ்மண்ட் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தான். தான் கெடுக்கக் கெடுக்க இவள் தேறிக்கொண்டு வருகிறாள் என்று அவனுக்கு மெல்ல உறைத்தது.

வியாழக்கிழமை வந்தது. காற்று நின்றிருந்தது. அவள் ஓட்ட, அவன் இடது பக்கம் உட்கார்ந்தான். தேநீர்க் குடுவையும், பேக்கரியிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலமும் அவன் மடியில்.

"இது யாருக்கு, இவ்வளவு ரொட்டி?"

"பசிச்சா வேணும்ல."

கடலோரச் சாலையில் மூடுபனி. இத்தனை வருஷமும் அவன் அந்தச் சாலையைப் பார்த்தது தார் போட்ட பட்டையாக மட்டும்தான். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குதான் அவனுக்குக் கடல். இன்றைக்குத்தான் உண்மையான கடலைப் பார்த்தான். அலைகள் வந்த சுவடு தெரியாமல் வந்தன. பனிக்குள் ஒரு மீன்படகு, தண்ணீரிலா ஆகாயத்திலா என்று சொல்ல முடியாத உயரத்தில், நின்றுகொண்டிருந்தது. பறவைகள் அதைக் கடந்து போய் இல்லாமல் போயின. யூனிஸின் கை கியரை ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு நகர்த்தியது. அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கார் ஓடுகிறதா, சாலை ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

"தினமும் இதையெல்லாம் பாத்துட்டுதான் போவியா?"

"ம்."

"சொல்லவே இல்லையே."

"நீ ஓட்டிட்டு இருந்தே," என்றாள்.

இப்படி ஓட்டுகிறவளுக்குப் போய் வாஷர் திணித்தேனே என்று நினைத்தான். எப்போதோ ஒரு நாள் இவள் இதைத் தனியாக ஓட்டி, சன்னலைத் திறந்து, பாட்டு கூடப் பாடலாம். அதைக் கெடுக்க நான் யார்? வீட்டில் துணி காய்வதைப் பார்ப்பதும் ஒரு வேலைதான். பழகினால் வந்துவிடும்.

போக்குவரத்து அலுவலக வாசலில் அவன் இறங்கிக்கொண்டான். கூட வருகிறவர்களுக்குத் தேர்வு மைதானத்துக்குள் அனுமதியில்லை. யூனிஸ் ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சன்னல் வழியாக அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, காரை உள்ளே ஓட்டிப் போனாள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் குனிந்து காருக்கடியில் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் கண்ணாடியை வலம், இடம், வலம் என்று பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மேட்டில் ஒரு கார் விரல்கடை பின்னால் உருண்டது. ஓட்டியவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

டெஸ்மண்டால் நிற்க முடியவில்லை. அந்த மேட்டில் முதல் கியர் சிக்கினால்? அவள் உருண்டு, மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால்? இந்த முறை அந்த மீன் அவன் தொண்டையில் இறங்காது.

காவலாளி கூப்பிடக் கூப்பிட உள்ளே ஓடினான். வரிசையைத் தாண்டி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வு நடத்தும் அம்மாளின் முன்னால் மூச்சிரைக்க நின்றான்.

"அம்மா, யூனிஸ் ஆரெண்ட்ஸெ. வெள்ளைக் கார். அவளை ஃபெயில் போட்டுடாதீங்க. கியர் கெட்டிருந்தா அது அவ தப்பில்ல. நான்தான் கெடுத்தேன். வேணும்னே கெடுத்தேன். லைசென்ஸ் வந்துட்டா என்னை எதுக்குன்னு... சரி, அது கெடக்கட்டும். அவ நல்லா ஓட்டுவா. வெளிய ஒரு தரம் ஓட்டச் சொல்லிப் பாருங்க. எழுதிக் குடுக்கணும்னாலும் குடுக்கறேன்."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மேசையில் ஒரு குவளைத் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டி, பாதி கடித்தபடி.

"யூனிஸா? அவங்களுக்கு எந்த டெஸ்ட்டும் இல்லையேப்பா. ரெண்டாவது தடவையே பாஸ் பண்ணி, லைசென்ஸ் அட்டையும் வாங்கிட்டாங்க, போன குளிர்காலத்துல. இப்பவும் வருவாங்க, எங்களுக்கு ரொட்டி குடுப்பாங்க, பின்னாடி பெஞ்சுல உக்காந்து டீ குடிப்பாங்க, போறப்ப கண்ணைக் கசக்கிச் சிவப்பாக்கிட்டுப் போவாங்க. கேட்டா, வெளிய ஒருத்தர் காத்துட்டிருக்காரு, லைசென்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா அவர் இனிமே என்னை ஓட்டிட்டுப் போக மாட்டாருன்னு சொல்றாங்க. நீங்கதானா அது?"