வில்லுக்கு இன்சூரன்ஸ்

ஒரு மனிதன் தன் சொந்தக் கையால் ஒரு வில் செய்யக் கூடாதா? கேட்கிறேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன் என்றால் அவனுக்கு வீரம் இருக்கக் கூடாதா?

என் முதல் வில் இழுத்த இழுப்பிலேயே படாரென்று முறிந்தது. ஒரு துண்டு பறந்து போய் என் மனைவியின் தையல் மிஷின்மேல் விழுந்தது. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று.

"என்னங்க இது, விறகு மாதிரி?"

"விறகு இல்லை. வில்லு."

"வில்லுதானே? வித்துடுங்க."

அவள் வீட்டிலேயே கோட்டு தைத்துக் கொடுப்பவள். பின் அறையில் பாதி அவளுடைய தையல் கடை, பாதி என் பட்டறை. என் மரத்தூள் அவள் துணியில் படும். அவள் ஊசி என் காலில் ஏறும். போதாக்குறைக்கு, தைத்த கோட்டுகளை மாட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டி வைத்திருந்தாள். நாலு கோட்டு மாட்டினால் அது நடுவில் தொங்கிப் போகும்.

"வளையாத கம்பு ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்று அவளும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வில் செய்கிற கலைஞனிடம் போய்க் கம்பு கேட்பதா?

வில் முறிந்த அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இதோ பாருங்க. கடைசியா இன்னொரு வில்லு செய்யுங்க. பக்கத்து வீட்டு டாக்டர் முன்னாடி ஒரே ஒரு அம்பு விட்டுக் காட்டுங்க. விட்டுட்டா இந்த அறை பூரா உங்களுக்கு. நான் மிஷினைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிடறேன்."

"விடலைன்னா?"

"மாடிப்படிக்கு அடியில இடம் இருக்கு. துடைப்பத்தைக் கொஞ்சம் ஒதுக்கித் தர்றேன்."

விடுவேனா? முறியாத வில்லுக்கு வழி தேடினேன். விஷயம் இவ்வளவுதான்: வில்லை இழுக்கும்போது நமக்கு எதிர்ப்பக்கம் விரியும். அதுதான் வில்லின் முதுகு. அங்கேதான் சிலாம்பு கிளம்பி மரம் முறியும். அந்த முதுகில் உறுதியாக எதையாவது ஒட்டிவிட்டால் பிழைத்தது. அதாவது வில்லுக்கு இன்சூரன்ஸ். என் சொந்தத் தொழில்!

எதை ஒட்டுவது? அங்கேதான் வந்தது வம்பு.

பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். கேளாமலே யோசனை சொல்லுவார்.

"நரம்பு ஒட்டுங்க சார். மாட்டு நரம்பு. அசையாது."

"உங்ககிட்ட கிடைக்குமா?"

"என்கிட்ட பல் நரம்புதான் இருக்கு. அதுவும் பேஷண்டோட வாயில."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எதுக்கு டாக்டர்? என் நரம்பை எடுத்துக்கச் சொல்லுங்க. பாதி ஏற்கெனவே அவர் கையிலதான் இருக்கு!"

காலையில் மூங்கில் என்று முடிவு செய்தேன். மத்தியானம் தோல் என்று மாற்றினேன். சாயங்காலம் பட்டு என்று தோன்றியது. மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் அப்படி ஒரு கனிவு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மூங்கில் பட்டையே ஒட்டுங்களேன்?"

"ஒட்டிடலாம்."

"ஆனா மூங்கில் பிளந்துட்டா?"

"அப்ப தோல்?"

"பேஷா ஒட்டலாம். ஈரம் பட்டா தளர்ந்துடாதே?"

"பட்டு?"

"பட்டுதானே? பட்டாத்தான் தெரியும்."

"நேரம் பார்த்துச் சிலேடை வேறயா உனக்கு!"

"ஏங்க, தீக்கு ஒண்ணு, திருட்டுக்கு ஒண்ணுன்னு ஊருக்கெல்லாம் பாலிசி விக்கறீங்க. உங்க வில்லுக்கு மட்டும் ஒண்ணு போதுமா?"

என்ன ஒரு நியாயம்! கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் தொழிலை மதித்துப் பேசியது அன்றுதான். அப்படியே நெகிழ்ந்து போனேன்.

புது மரத்தை எடுத்தேன். அவளே டேப்பைக் கொண்டு வந்து அளந்தாள். "நீளமா இருந்தா முறியாதுன்னு சொன்னீங்களே, இது வரைக்கும் வைங்க" என்று சாக்பீஸால் கோடும் போட்டாள். முதுகில் மூங்கில் பட்டை ஒட்டினேன். அதன்மேல் தோல். அதற்காகத் தன் பழைய கைப்பையை அவளே பிரித்துக் கொடுத்தாள். தோலுக்கு மேல் பட்டு. பட்டுக்கு மேல் கோட்டின் உள்ளே வைத்துத் தைக்கிற கெட்டி கான்வாஸ். நான் போதும் என்றபோதெல்லாம் அவள், "எதுக்கும் இருக்கட்டுங்க, இன்னொரு சுத்து" என்றாள்.

பசை காய்வதற்குள் பின் அறைச் சுவரில் இரண்டு பெரிய கொக்கிகளை அடித்து வைத்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"உங்க வில்லை மாட்டத்தாங்க. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதைத் தரையிலயா போடறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்கப் போவது தெரிந்தும் இப்படி ஒரு பெருந்தன்மையா?

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். வில்லையும் ஒரு அம்பையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முதலில் நாண் ஏற்ற வேண்டும். நாண் ஏற்ற வில் வளைய வேண்டும். அழுத்தினேன். அசையவில்லை. முழங்காலைக் கொடுத்தேன். அசையவில்லை. டாக்டர் ஒரு முனையைப் பிடித்துக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் இழுத்தார். களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"முறிஞ்சுடுச்சா?" என்று பதறினாள் மனைவி.

"வில்லு முறியலை! அது என் இடுப்பு!" என்று அலறினேன்.

"அம்பு?"

"நாணே இன்னும் ஏறலையே!"

"கொஞ்சமாவது வளையுதா?"

"இல்லை."

"ரெண்டு ஆம்பிளைங்க சேர்ந்து அழுத்தியுமா?"

"இல்லைன்னா இல்லை! எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். வில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். வில் இரண்டு கொக்கிகளிலும் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. அதில் வரிசையாகக் கோட்டுகள். கனமான குளிர்காலக் கோட்டுகள். நூலிழைகூடத் தொங்கவில்லை. வில் வளையவில்லை. வீட்டில் வளைந்தது நான்.

"கம்பு ஜோரா இருக்கே! இது அந்த வில்லுதானேம்மா?" என்று டாக்டர் வாயைப் பிளந்தார்.

"வீட்டுக்காரர் செஞ்சதுதான் டாக்டர். கம்புன்னு கேட்டா செய்ய மாட்டார். வில்லுன்னா செஞ்சுடுவார்."

நான் என் உளி, அரம், பசை டப்பாவையெல்லாம் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து அதே கனிவான குரல் கேட்டது.

"ஏங்க, அந்த அம்பை எறிஞ்சுடாதீங்க. ஜன்னல் திரைக்கு ஒரு சின்னக் கம்பு வேணும்."